ஷேர் வாங்கறதுக்கு முன்னாடி ஒரே கேள்வி: அந்தக் காசு எப்ப வேணும்?

போன தீபாவளிக்கு சிங்கப்பூர்ல எங்க வீட்டுல ஒரே சாயங்காலம் ரெண்டு பேர் ஒரே கேள்விய கேட்டாங்க. ஒருத்தன் என் சொந்தத் தம்பி, என்எஸ், அதாவது கட்டாய ராணுவ சேவை முடிச்சு வேலைக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகுது, பேங்க்ல 14,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சும்மா கெடக்குங்கறான். இன்னொருத்தி எங்க புளோக்லயே ஒம்பதாவது மாடில ரூம் எடுத்துத் தங்கியிருக்கற திருச்சிப் பொண்ணு, சாங்கி பிசினஸ் பார்க்ல ஐடி வேலை, எஸ் பாஸ்னு வெளிநாட்டவங்களுக்கான வேலை அனுமதில இருக்கா. ரெண்டு பேரும் முறுக்கு தட்ட மடில வச்சுக்கிட்டு "அக்கா, லாங் டெர்ம்க்கு எந்த ஷேர் வாங்கலாம்?"னு கேக்கறாங்க. நான் என்னமோ பெரிய ஃபண்டு மேனேஜர் மாதிரி. நான் ஸ்கூல் ஆபீஸ்ல வேலை பாக்கறவ, பன்னெண்டு வருஷமா மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா வாங்கி வச்சிருக்கேன், நடுவுல ஒரு தடவ நல்லா அடியும் பட்டிருக்கேன், அவ்ளோதான் தகுதி.

நான் திருப்பி ஒண்ணுதான் கேட்டேன், அந்தக் காசு எப்ப வேணும்?

தம்பி யோசிச்சான். அடுத்த வருஷம் கேர்ள்ஃப்ரெண்டோட பிடிஓ, அதாவது அரசாங்கம் புதுசா கட்டிக் குடுக்கற வீட்டுக்கு அப்ளை பண்ணலாம்னு இருக்கானாம். அந்தப் பொண்ணுக்கு ரெண்டு வருஷத்துல தங்கச்சி கல்யாணம், பத்து லட்ச ரூபா ஊருக்கு அனுப்பணும். அப்ப ரெண்டு பேர்கிட்டயும் இருக்கறது லாங் டெர்ம் காசே இல்ல, லாங் டெர்ம்னு பேரு வச்ச ஷார்ட் டெர்ம் காசு. இதத்தான் முக்காவாசி பேர் முதல்ல தப்பு பண்றாங்க, எந்த ஷேருன்னு ஆராய்ச்சி பண்றதுக்கு மூணு மாசம் யூடியூப் பாப்பாங்க, இந்தக் காசு எப்ப வேணும்னு மூணு நிமிஷம் யோசிக்க மாட்டாங்க.

என் கணக்கு என்னன்னா அஞ்சு வருஷத்துக்குள்ள வேணும்னு தெரிஞ்ச காசு ஷேர் பக்கமே போகக்கூடாது. ஏன்னு கேட்டா எஸ்டிஐ கதைய சொல்றேன். நம்ம ஊர் பெரிய கம்பெனி 30ஐ சேத்து கணக்குப் போடற இண்டெக்ஸ்தான் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் இண்டெக்ஸ். 2007 அக்டோபர்ல அது 3,870 பக்கம் இருந்துச்சு. 2009 மார்ச்ல 1,456. அதாவது பத்தாயிரம் வெள்ளி போட்டவன் கணக்குல ஒன்றரை வருஷத்துல நாலாயிரத்துக்கும் கம்மி. அந்த நேரம் பாத்து ரெனொவேஷன் காண்ட்ராக்டர் வாசல்ல நின்னா என்ன பண்ணுவீங்க, வித்துதான் ஆகணும்.

நான் வித்தேன். 2009ல இல்ல, 2020 மார்ச்ல. கோவிட் வந்து எஸ்டிஐ 2,233 வரைக்கும் விழுந்த வாரம், என் கைல மூணு கம்பெனி ஷேர் இருந்துச்சு, எல்லாம் சேத்து 11,000 வெள்ளிக்கு வாங்கினது. வீட்டுக்காரருக்கு ஓவர்டைம் நின்னு போச்சு, கைல ரொக்கமா ரெண்டு மாச செலவுக்குக்கூட இல்ல, வேற வழி தெரியாம வித்துட்டேன், வந்தது 7,200. அடுத்த வருஷமே அதே மூணு ஷேரும் நான் வாங்கின விலைக்கு மேல போயிடுச்சு. ரொம்ப நாளா எல்லார்கிட்டயும் பயந்து வித்தேன்னுதான் சொல்லிட்டிருந்தேன். உண்மையில பயம் பாதிதான், மீதி பாதி கைல காசு இல்லாததுதான். ஷேர் செலக்‌ஷன் தப்பில்ல, அதுக்குக் கீழ போட்டிருக்க வேண்டிய அஸ்திவாரம் இல்ல.

அதனால முதல் வேலை அஸ்திவாரம். கிரெடிட் கார்டு பாக்கி இருந்தா மொதல்ல அத அடைங்க, வருஷத்துக்கு 25 சதவீதத்துக்கு மேல வட்டி போடறான், எந்த ஷேரும் அத ஜெயிக்காது. அப்புறம் ஆறு மாச செலவு தனியா. ஒர்க் பாஸ்ல இருக்கறவங்களுக்கு நான் ஒரு வருஷம்னே சொல்வேன், ஏன்னா வேலை போனா சம்பளம் மட்டும் போறதில்ல, பாஸ் கேன்சல் ஆகி பொதுவா 30 நாள்ல பெட்டி கட்டணும், அந்த முப்பது நாள்ல ஷேர் விலை எங்க இருக்கும்னு யாருக்குத் தெரியும்.

இந்தக் காச எங்க வைக்கறது? சேவிங்ஸ் அக்கவுண்ட்ல கொஞ்சம், மீதி அரசாங்கம் விடற சிங்கப்பூர் சேவிங்ஸ் பாண்டுல. 500 வெள்ளில ஆரம்பிக்கலாம், ஏடிஎம்லயே வாங்கலாம், எந்த மாசம் வேணாலும் திருப்பி எடுத்துக்கலாம், ஒவ்வொரு தடவைக்கும் 2 வெள்ளி கட்டணம் அவ்ளோதான், விலை ஏறி எறங்கற பேச்சே கெடையாது. பத்து வருஷம் வச்சா வருஷத்துக்கு வருஷம் வட்டி படியேறும். பாஸ்ல இருக்கறவங்களும் வாங்கலாம். தம்பியோட பிடிஓ காசு மொத்தமா அங்கதான் போச்சு. டி-பில்னு அரசாங்கத்தோட குறுகிய காலக் கடன் பத்திரமும் ஒண்ணு இருக்கு, குறைஞ்சது 1,000 வெள்ளி, ஆறு மாசம், ஏலத்துல விடுவாங்க, ஆனா ஆறு மாசம் முடியறதுக்கு முன்னாடி எடுக்கறது தொல்லை.

இதெல்லாம் போக மாசாமாசம் மிஞ்சறது எவ்ளோ? தம்பிக்கு 300, அந்தப் பொண்ணுக்கு 200. ஷேருக்குப் போற காசு அதுதான். கேக்க சின்னதா இருக்கும். 300 வெள்ளி 20 வருஷம் போட்டா நீங்க கட்டினது 72,000, வருஷத்துக்கு சராசரி 6 சதவீதம் வளந்துச்சுன்னு வச்சுக்கிட்டா கைல வர்றது கிட்டத்தட்ட 1,38,600. ஆறு சதவீதம்ங்கறது வாக்குறுதி இல்ல, கணக்குக்குன்னு எடுத்தது, ஒரு வருஷம் 20 ஏறும் இன்னொரு வருஷம் 25 எறங்கும், நேர்கோட்டுல எதுவும் போகாது.

அக்கவுண்ட் விஷயத்துக்கு வருவோம், இங்கதான் ஆளாளுக்கு ஒண்ணு சொல்லி கொழப்புவாங்க. சிங்கப்பூர்ல ஷேர் வைக்கறதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு சிடிபி அக்கவுண்ட், நம்ம எக்ஸ்சேஞ்சு எஸ்ஜிஎக்ஸோட சென்ட்ரல் டெபாசிட்டரி. 18 வயசு ஆயிருக்கணும், சிங்பாஸ்னு அரசாங்க டிஜிட்டல் அடையாளம் வச்சு போன்லயே திறந்துடலாம், திறக்க கட்டணம் இல்ல. அதுல இருக்கற ஷேர் உங்க பேருலயே பதிவாகும், டிவிடெண்ட், அதாவது கம்பெனி லாபத்துல பிரிச்சுக் குடுக்கற பங்கு, நேரா பேங்க்ல விழும், ஏஜிஎம்னு பங்குதாரர்களோட வருஷக் கூட்டத்துக்கு கூப்பிட்டு கடிதாசி வரும். அந்தக் காலத்துல அப்பாவோட ஃப்ரெண்ட்ஸெல்லாம் ஏஜிஎம்க்குப் போறதே பஃபே சாப்பாட்டுக்குத்தான், கறி பஃப் டிஷ்யூல சுத்தி வீட்டுக்கும் வரும். சிடிபி வெறும் பெட்டிதான், வாங்க விக்க தனியா ஒரு ப்ரோக்கர் அக்கவுண்ட் திறந்து அதோட இணைக்கணும்.

ரெண்டாவது வழி கஸ்டடி அக்கவுண்ட், இப்ப வர்ற ஆப்ங்க பாதி இதுதான். ஷேர் ப்ரோக்கர் பேருல இருக்கும், உங்களுக்காக அவங்க வச்சிருப்பாங்க. கட்டணம் கம்மி, வெளிநாட்டு ஷேரும் ஒரே எடத்துல வாங்கலாம். எதுல திறந்தாலும் மாஸ், அதாவது சிங்கப்பூர் மத்திய வங்கியோட வெப்சைட்ல இருக்கற ஃபைனான்ஷியல் இன்ஸ்டிட்யூஷன்ஸ் டைரக்டரில அந்தக் கம்பெனி பேரு இருக்கான்னு ஒரு தடவ பாத்துடுங்க, ரெண்டு நிமிஷம்தான். அதே எடத்துல இன்வெஸ்டர் அலர்ட் லிஸ்ட்னு ஒண்ணு இருக்கும், லைசென்ஸ் இருக்கற மாதிரி காட்டிக்கறவங்க பேரெல்லாம் அதுல.

எது நல்லதுன்னு கேட்டா, நான் உள்ளூர் ஷேர சிடிபில வச்சிருக்கேன், வெளிநாட்டு இடிஎஃப், அதாவது பல கம்பெனி ஷேர ஒரே கூடையா வாங்கறது, கஸ்டடில. புதுசா வர்றவங்களுக்கு ரெண்டும் வேணாம்னுகூட சொல்வேன். ஏன்னா மாசம் 200, 300 போடறவங்களுக்கு முதல் எதிரி கமிஷன்.

ஒரு கணக்கு போடுவோம். நம்ம எக்ஸ்சேஞ்சுல சாதாரண ஷேர லாட் கணக்குலதான் வாங்கணும். 2015 ஜனவரிக்கு முன்னாடி ஒரு லாட்னா 1,000 ஷேர், அப்புறம் 100ஆ குறைச்சாங்க. ஒரு ஷேர் 4 வெள்ளின்னா ஒரு லாட் 400. பழைய பாணி ப்ரோக்கர்கிட்ட வாங்கினா குறைஞ்சபட்ச கமிஷன் 25 வெள்ளி, அதோட கிளியரிங் கட்டணம் 0.0325 சதவீதம், எக்ஸ்சேஞ்சு கட்டணம் 0.0075 சதவீதம், எல்லாத்துக்கும் மேல ஜிஎஸ்டி 9 சதவீதம். மொத்தம் 27 வெள்ளி 40 காசு. 400 வெள்ளி சாமானுக்கு 27 வெள்ளி கூலி, கிட்டத்தட்ட 7 சதவீதம், ஒரு வருஷ லாபம் வாசல்லயே போச்சு. அதே டிபிஎஸ் பேங்க் ஷேர பாருங்க, 2025ல 50 வெள்ளியத் தாண்டிருச்சு, நூறு வாங்க 5,000க்கு மேல வேணும், தம்பி கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம் சேத்தாதான் நூறு ஷேர்.

அதனாலதான் ரெகுலர் சேவிங்ஸ் பிளான். பேங்க்ல மாசம் 100 வெள்ளில இருந்து கட்டலாம், சம்பளம் வந்த மறுவாரம் தானா புடிச்சு தானா வாங்கிடும், லாட் கணக்கு பாக்க வேணாம். பிஓஎஸ்பி இன்வெஸ்ட்-சேவர்ல எஸ்டிஐ இடிஎஃப் வாங்கினா 0.82 சதவீதம் கட்டணம், 300 வெள்ளிக்கு ரெண்டரை வெள்ளிக்கும் கம்மி. ஓசிபிசிலயும் புளூ சிப் பிளான்னு ஒண்ணு இருக்கு. காசு சேந்து பெரிய தொகையா வாங்கற நிலைமை வந்தப்புறம் ப்ரோக்கர் பக்கம் போங்க.

தம்பி உடனே "இவ்ளோதானா, நான் பாத்து பாத்து செலக்ட் பண்ண ஒண்ணும் இல்லையா?"ன்னான். மொகமே வாடிப் போச்சு.

இல்லடா. இடிஎஃப்னா ஒரு கூடை. மொத கூடையா எஸ்டிஐ இடிஎஃப் எடுத்துக்கோ, ரெண்டு இருக்கு, ஒண்ணு 2002லயும் இன்னொண்ணு 2009லயும் வந்தது, எஸ்ஜிஎக்ஸ்ல ஈஎஸ்3, ஜி3பின்னு தேடினா வரும். ஒண்ண வாங்கினா 30 கம்பெனிலயும் துளித்துளி உனக்கு. சிங்டெல், கெப்பல், எஸ்ஐஏ (சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்) எல்லாம் அதுல உண்டு. வருஷத்துக்கு ரெண்டு தடவ டிவிடெண்ட் வரும், தனிநபருக்கு இங்க டிவிடெண்டுக்கு வரி இல்ல, நீண்ட நாள் வச்சு விக்கற லாபத்துக்கும் வரி இல்ல. ஆனா அந்தக் கூடையில டிபிஎஸ், ஓசிபிசி, யூஓபி மூணு பேங்க்தான் கிட்டத்தட்ட பாதி. பேங்க்குக்குக் காய்ச்சல் வந்தா கூடைக்கே காய்ச்சல். 2020 ஜூலைல மாஸ் சொல்லி பேங்க்ங்க டிவிடெண்ட முந்தின வருஷத்துல 60 சதவீதமா குறைச்சாங்க, டிவிடெண்ட நம்பி வீட்டுச்செலவு ஓட்டின பெரியவங்க அந்த வருஷம் நல்லா தவிச்சாங்க.

இன்னொரு கசப்பான உண்மையும் சொல்லிடறேன், விக்கறவங்க யாரும் சொல்ல மாட்டாங்க. 2007ல எஸ்டிஐ தொட்ட உச்சத்த மறுபடி தாண்ட பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு, 4,000ன்னு ஒரு நம்பர பாத்தது 2025லதான். நடுவுல டிவிடெண்ட் வந்துட்டே இருந்துச்சு, மாசாமாசம் வாங்கினவங்களுக்கு 2009லயும் 2020லயும் மலிவா கெடச்சுச்சு, அதனால அவங்க நிலைமை அவ்ளோ மோசமில்ல. ஆனா 2007ல மொத்தமா கொட்டிட்டு உக்காந்தவங்க பாவம். அதனாலதான் மாசாமாசம்னு சொல்றேன், அதனாலதான் சிங்கப்பூர் மட்டும் போதாதுன்னும் சொல்றேன்.

வெளிய போகணும்னா உலகம் முழுக்க இருக்கற கம்பெனிங்கள வாங்கற இடிஎஃப் இருக்கு. இங்க ஒரு வரி சமாச்சாரம், பல பேருக்கு இது அடிபட்டாத்தான் தெரியும். அமெரிக்க எக்ஸ்சேஞ்சுல நேரா ஷேரோ இடிஎஃப்போ வாங்கினா டிவிடெண்ட்ல 30 சதவீதம் அங்கயே புடிச்சுக்குவாங்க, சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் அந்த வரிய குறைக்கற ஒப்பந்தம் கெடையாது. அதுக்கும் மேல, அந்த ஊர் குடிமக்களோ அங்க குடியிருக்கறவங்களோ இல்லாதவங்க செத்துப் போனா அவங்க கையிருப்புல 60,000 யூஎஸ் டாலருக்கு மேல இருக்கற அமெரிக்க சொத்துக்கு எஸ்டேட் டாக்ஸ், 40 சதவீதம் வரைக்கும் போகும். நம்ம ஆளுங்க ஆப்ல ஆப்பிள் என்விடியான்னு வாங்கிக் குவிக்கறாங்க, இத யாரும் சொல்றதில்ல. அதே கம்பெனிங்கள உள்ளடக்கி அயர்லாந்துல பதிவாகி லண்டன் எக்ஸ்சேஞ்சுல விக்கற இடிஎஃப் இருக்கு, அதுல அமெரிக்க டிவிடெண்டுக்கு 15 சதவீதம்தான் போகும், எஸ்டேட் டாக்ஸ் தொல்லையும் வராது. நான் கஸ்டடில வச்சிருக்கறது அந்த மாதிரி ஒண்ணுதான், மூணு மாசத்துக்கு ஒரு தடவ சேத்து வாங்குவேன், கமிஷன் மிச்சம்.

திருச்சிப் பொண்ணு "அப்ப இந்தியாவுலயே போட்டா என்ன அக்கா?"ன்னா. போடலாம்மா, என்ஆர்ஐக்கு வழி இருக்கு, என்ஆர்இ என்ஆர்ஓ அக்கவுண்ட் வச்சு போடறவங்க நெறைய. ஆனா அங்க லாபத்துக்கு வரி உண்டு, லிஸ்ட் ஆன ஷேர ஒரு வருஷத்துக்கு மேல வச்சு வித்தா வருஷத்துக்கு 1.25 லட்ச ரூபா வரைக்கும் விட்டுட்டு மீதிக்கு 12.5 சதவீதம், 2024 ஜூலைல இருந்து. அதவிட முக்கியம், நீ வயசான காலத்துல எந்த ஊர்ல இருக்கப் போற? திருச்சியிலன்னா ரூபாயில கொஞ்சம் இருக்கறது நியாயம்தான். எங்க செலவு பண்ணப் போறோமோ அந்த ஊர் காசுலயும் கொஞ்சம் இருக்கணும், இது என் அபிப்பிராயம்.

முதல் தடவ ப்ரோக்கர் ஆப்ல வாங்கறப்போ கை நடுங்கும், எனக்கும் நடுங்குச்சு, அதனால அந்த ஸ்கிரீன மட்டும் கொஞ்சம் நிறுத்தி சொல்றேன். பேரு போட்டு தேடுவீங்க, ஒரே மாதிரி பேரு நாலு வரும், ஈஎஸ்3, ஜி3பி மாதிரி அந்த ஷேரோட கோடு சரியான்னு பாருங்க. பக்கத்துல ரெண்டு விலை ஓடும், ஒண்ணு வாங்கறவங்க கேக்கறது, இன்னொண்ணு விக்கறவங்க கேக்கறது. ஆர்டர் வகைன்னு கேக்கும், லிமிட் ஆர்டர் போடுங்க, அதாவது இந்த விலைக்கு மேல நான் வாங்க மாட்டேன்னு நீங்க சொல்றது. மார்க்கெட் ஆர்டர்னா எந்த விலைக்குக் கெடச்சாலும் வாங்கிடும், ஆள் நடமாட்டம் கம்மியா இருக்கற ஷேர்ல இது ஆபத்து. எண்ணிக்கைல நிதானம், சில ஆப்ல லாட் கேக்கும், சில ஆப்ல ஷேர் எண்ணிக்கை கேக்கும், 1 லாட்னு நெனச்சு 100 லாட் தட்டினவங்கள எனக்குத் தெரியும். மார்க்கெட் 9 மணில இருந்து 12, அப்புறம் 1ல இருந்து 5, நடுவுல அவங்களும் லஞ்ச் போயிடுவாங்க. வாங்கி ரெண்டு வேலை நாள் கழிச்சுத்தான் கணக்கு முடியும், அன்னைக்கு பேங்க்ல காசு இருக்கணும். டிவிடெண்ட் வரப்போகுதுன்னு முந்தின நாள் ஓடிப்போய் வாங்காதீங்க, எக்ஸ்-டேட், அதாவது அன்னைல இருந்து வாங்கினா அந்த டிவிடெண்ட் கெடைக்காதுங்கற தேதி, அன்னைக்கு விலை ஏறக்குறைய அந்த அளவு எறங்கித்தான் திறக்கும், பக்கத்து பாக்கெட்ல இருந்து எடுத்து இந்த பாக்கெட்ல போட்ட கதை.

தனி ஷேர் வாங்கியே தீருவேன்னு ஆசை இருந்தா மொத்தத்துல பத்துல ஒரு பங்கோட நிறுத்துங்க. கம்பெனி எதுல சம்பாதிக்குதுன்னு உங்க அம்மாவுக்கு ரெண்டு வாக்கியத்துல சொல்ல முடியணும். கடன் எவ்ளோன்னு பாருங்க. அஞ்சு வருஷமா கைல நெஜமா காசு வருதா, இல்ல பேப்பர்ல மட்டும் லாபமான்னு பாருங்க. வட்டி அதிகம்ங்கற ஒரே காரணத்துக்காக எதையும் தொடாதீங்க. ஹைஃப்ளக்ஸ் ஞாபகம் இருக்கும், தண்ணி கம்பெனி, 2016ல 6 சதவீதம்னு பெர்பெச்சுவல், அதாவது முதலத் திருப்பிக் குடுக்க தேதியே இல்லாத பத்திரம் விட்டாங்க, நம்ம அங்கிள் ஆண்ட்டிங்க ஏடிஎம்ல வரிசையா வாங்கினாங்க. 2018ல கம்பெனி கோர்ட்டுக்குப் போச்சு, அதுலயும் பிரிஃபரன்ஸ் ஷேர்லயும் காசு போட்ட சாதாரண ஜனங்க சுமார் 34,000 பேர். 2013 அக்டோபர்ல மூணு சின்ன கம்பெனி ஷேர் ஒண்ணா சரிஞ்சு சுமார் 8 பில்லியன் வெள்ளி மதிப்பு காணாம போச்சு, அதுக்கு முந்தின மாசம் வரைக்கும் கோப்பிக்கடைல அதத்தான் எல்லாரும் பேசிக்கிட்டிருந்தாங்க.

ரீட் பத்தி கேப்பீங்க, சிங்கப்பூர்ல ரீட் இல்லாம ஷேர் பேச்சு முடியாது. மால், ஆபீஸ், கிடங்கு இதையெல்லாம் வாங்கி வாடகைய பிரிச்சுக் குடுக்கற அமைப்பு, வரிச்சலுகைக்காக வருமானத்துல குறைஞ்சது 90 சதவீதத்த குடுத்துடணும். அதனாலயே கைல மிச்சம் இருக்காது, புதுசா கட்டடம் வாங்கணும்னா நம்மகிட்டதான் கைய நீட்டுவாங்க, அதுக்குப் பேரு ரைட்ஸ். கம்பெனிங்களும் பண்ணும், 2020ல எஸ்ஐஏ ஒவ்வொரு 2 ஷேருக்கும் 3 புது ஷேர் 3 வெள்ளி வீதம் குடுத்துச்சு. ரைட்ஸ் கடிதாசி வந்தா தேதி பாருங்க, காசு கட்டி வாங்கலாம், சில ரைட்ஸ மார்க்கெட்ல வித்துடலாம், ஒண்ணும் பண்ணாம விட்டா உங்க பங்கு சுருங்கிடும். எங்க அத்தை ஒரு ரீட் கடிதாசிய எல்லாம் விளம்பரம்னு நெனச்சு நியூஸ்பேப்பர் கட்டோட பழைய பேப்பர் வாங்கற கராங்குனி அங்கிள்கிட்ட போட்டுட்டாங்க. இன்னும் சொல்லி சொல்லி சிரிப்போம், அவங்களுக்கு சிரிப்பு வராது.

சிபிஎஃப், அதாவது சம்பளத்துல கட்டாயமா புடிக்கற சேமநிதி, அந்தக் காச எடுத்து ஷேர் வாங்கலாமான்னு தம்பி கேட்டான். சட்டப்படி முடியும், ஆர்டினரி அக்கவுண்ட்ல 20,000 வெள்ளி விட்டு வச்சுட்டு மேல இருக்கறத இன்வெஸ்ட் பண்ணலாம், அதுலயும் தனி ஷேருக்கு 35 சதவீதம்னு உச்சவரம்பு. ஆனா அந்தக் காசுக்கு ஒண்ணும் பண்ணாமலே 2.5 சதவீதம் வருது, ஸ்பெஷல் அக்கவுண்ட்ல 4. முதல் அஞ்சு வருஷம் அத தொடவே தொடாத, வீடு வேற வாங்கப் போற. எஸ்ஆர்எஸ்னு நாமளா விருப்பப்பட்டுப் போடற ஓய்வுக்கால சேமிப்பு வேற மாதிரி, வரி கட்டற அளவு சம்பளம் இருந்தா குடிமக்களும் பிஆரும் (நிரந்தரவாசிகளும்) வருஷத்துக்கு 15,300, வெளிநாட்டவங்க 35,700 வரைக்கும் போட்டு அந்த அளவு வரிக்கணக்குல கழிச்சுக்கலாம். அப்படியே போட்டு வச்சா 0.05 சதவீதம்தான் வட்டி, அதுக்குள்ளயே இடிஎஃப் வாங்கணும், இத மறந்துட்டு வருஷக்கணக்கா சும்மா வச்சிருக்கறவங்க எக்கச்சக்கம்.

கட்டணத்த மறுபடி ஒரு தடவ சொல்றேன், ஏன்னா பேங்க்குக்குப் போனா ஏசி ரூம்ல உக்கார வச்சு யூனிட் டிரஸ்ட், அதாவது மியூச்சுவல் ஃபண்டு பேப்பர நீட்டுவாங்க. வருஷத்துக்கு ஒன்றரை சதவீதக் கட்டணம்தானேன்னு தோணும். மேல சொன்ன அதே 300 வெள்ளி, அதே 20 வருஷம், 6க்கு பதிலா 4.5 வளர்ந்தா 1,38,600 வர வேண்டிய எடத்துல 1,16,400தான் வரும். 22,000 வெள்ளி. அந்த ஏசிக்கு அவ்ளோ வாடகை ரொம்ப ஜாஸ்தி.

வாட்ஸ்ஆப், டெலிகிராம் குரூப்ல யாரோ சேத்துவிட்டு "சார் இன்னைக்கு இந்த ஷேர் வாங்குங்க"ன்னா உடனே வெளிய வந்துடுங்க, தமிழ்ல பேசினாலும் சரி, லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவுல கடை வச்சிருக்கேன்னு சொன்னாலும் சரி. முதல்ல 200 போட்டு 240 எடுக்க விடுவான், அப்புறம் 20,000 போட்டதும் ஆள் இருக்க மாட்டான். சந்தேகம்னா 1799க்கு அடிச்சு கேளுங்க, ஸ்கேம்ஷீல்டு நம்பர். ஷேர் வெல எறங்கினதுக்கு டெபாசிட் இன்சூரன்ஸும் கெடையாது, பேங்க் டெபாசிட்டுக்கு மட்டும்தான் ஒரு பேங்க்ல 1,00,000 வெள்ளி வரைக்கும் காப்பு.

ஆரம்பிச்சப்புறம் என்ன பண்றதுன்னா, கிட்டத்தட்ட ஒண்ணும் பண்ணக்கூடாது. தம்பி மூணாவது வாரமே "அக்கா 11 வெள்ளி நஷ்டம்"னு மெசேஜ் போட்டான். ஆப்ப போன் முதல் பக்கத்துல இருந்து தூக்கி எங்கயாச்சும் உள்ள போடச் சொன்னேன். எங்க அப்பா புதன், சனி, ஞாயிறு தவறாம நாலு நம்பர் லாட்டரி எழுதறவரு, நாப்பது வருஷத்துல அடிச்சத விட விட்டது ஜாஸ்தி. ஆனா 1993ல சிங்டெல் லிஸ்ட் ஆனப்போ குடிமக்களுக்கு சலுகை விலைல சிபிஎஃப் காசுல குடுத்த ஷேர் அவர்கிட்ட இருந்துச்சு, அத வாங்கினதே அவருக்கு மறந்து போச்சு, மறந்ததாலயே விக்கல. விலை பெருசா ஏறாத வருஷமும் நெறைய, டிவிடெண்ட் மட்டும் அது பாட்டுக்கு சேந்துக்கிட்டே இருந்துச்சு. அவரோட மொத்த இன்வெஸ்ட்மெண்ட் திறமையும் அந்த மறதிதான்னு அம்மா சொல்வாங்க.

நான் வருஷத்துக்கு ஒரு நாள் பாப்பேன், தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை. எமர்ஜென்சி காசு குறைஞ்சிருக்கா, சம்பளம் ஏறியிருந்தா மாசத் தொகைய ஏத்தணுமா, அஞ்சு வருஷத்துக்குள்ள புதுசா ஏதாச்சும் செலவு வருதா, அது இருந்தா அந்த அளவ இப்பவே மெதுவா ஷேர்ல இருந்து பாண்டுக்கு மாத்தறது. பையன் பாலிடெக்னிக் போறதுக்கு நாலு வருஷம் இருக்கு, போன வருஷத்துல இருந்து அந்தக் காச நகத்த ஆரம்பிச்சுட்டேன்.

இன்னொரு விஷயம், இது யாருக்கும் பேசப் புடிக்காது. சிபிஎஃப் நாமினேஷன்ல பேரு எழுதியிருந்தாலும் அது சிபிஎஃப் காசுக்கு மட்டும்தான், சிடிபில இருக்கற ஷேருக்கோ ஆப்ல இருக்கற இடிஎஃப்க்கோ அது செல்லாது, அதுக்கு உயில் வேணும். உயில் எழுதற வரைக்கும் எந்தெந்த எடத்துல அக்கவுண்ட் இருக்குன்னாவது வீட்டுல ஒருத்தருக்குத் தெரியணும். நான் ஒரு அம்பது காசு நோட்டுப் புத்தகத்துல எழுதி அரிசி டப்பாவுக்குப் பின்னாடி வச்சிருக்கேன், பாஸ்வேர்டு எழுதல, கம்பெனி பேரும் அக்கவுண்ட் நம்பரும் மட்டும். திருச்சிப் பொண்ணு போன வாரம் வந்து அந்த நோட்டு எப்படி எழுதறதுன்னு காட்டச் சொன்னா, அவங்க அம்மாவுக்குப் புரியற மாதிரி தமிழ்லயே எழுதிக்கிட்டுப் போனா. தம்பிகிட்ட கேட்டா, "11 வெள்ளில என்னக்கா எழுதறது"ங்கறான்.